நாலு பேர் சொன்ன ஒரே காலை

வரலாற்று வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'சுருக்கம்'. எந்தப் போரானாலும், எந்தப் பஞ்சமானாலும், "சுருக்கமாச் சொன்னா..." என்று ஆரம்பித்து அரைப் பக்கத்தில் அடக்கிவிடுவார். அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டி வெகுகாலம் ஆயிற்று. முதலில் வலித்தது. அப்புறம் பழைய செருப்பு மாதிரி காலுக்குப் பொருந்திப்போயிற்று.

அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் தேச வரலாறு எல்லோருக்கும் கட்டாயப் பாடம். கணினி படிக்கிறவன், கணக்கு படிக்கிறவள், பல்மருத்துவம் படிக்கிறவர்கள் என்று முதலாண்டுக்காரர்கள் அத்தனை பேரும் பெரிய அரங்கில் வந்து உட்காருவார்கள். தேறினால் போதும், மதிப்பெண் எதிலும் சேராது. அதனால் தடுப்பூசிக்குக் கையை நீட்டுகிற பிள்ளைகளைப் போல உடம்பை இங்கே கொடுத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஒலிபெருக்கியின் மின்கலம் பாதி வகுப்பில் தீர்ந்துவிடும். கடைசி வரிசைக்கு விடுதலைப் போர் எப்போதுமே பாதிவரைதான் கேட்கும்.

பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் அவரே எழுதியது. விடுதலைக்கு முந்திய ஆண்டு துறைமுகத் தொழிலாளர்கள் ஊர்வலமாகப் பாலத்துக்கு வந்தார்கள், அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. கல் முதலில் பறந்ததா, குண்டு முதலில் பறந்ததா என்பதற்கு மூன்று சாட்சிகள் இருந்தார்கள்: ஒரு காவல் அதிகாரி, சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், பாலத்துக்குக் கீழே நின்ற கப்பலின் மருத்துவர். மூவர் சொன்னதும் மூன்று விதம். வாத்தியார் மூன்றையும் எழுதிக்கொண்டு போனார். பாடநூல் குழுத் தலைவர் தேநீரை உறிஞ்சியபடியே, "பிள்ளைகளைக் குழப்பாதீங்க. ஒரே வரியாப் போடுங்க" என்றார். அப்போது வாத்தியாருக்கு முடி முழுக்கக் கறுப்பு. ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்: "நிலைமை கட்டுக்கடங்காமல் போனதைத் தொடர்ந்து துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது." அந்த வரியில் எறிந்தவனும் இல்லை, சுட்டவனும் இல்லை. மழை பெய்கிற மாதிரி அது தானாக நிகழ்ந்தது. குழுத் தலைவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டல்தான் அவரை வாத்தியார் ஆக்கியது என்றும் சொல்லலாம், தீர்த்துக்கட்டியது என்றும் சொல்லலாம். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் ஒட்டுத் தெரியாமல் தைத்துவிடக் கை பழகிவிட்டது.

கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு மேசை. அக்கா அரசு மருத்துவமனையில் மருந்துக் கவுன்ட்டரில் இருந்தாள். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவாள். "ஒரு புள்ளி இடம் மாறினா ஆள் போயிடும்" என்பது அவளுடைய வேதவாக்கு. நிஜமான வேதமும் அவளிடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சிறுபிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பாள். வாத்தியார் கல்லூரி நாட்களிலேயே சபைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அக்கா அதற்காகச் சண்டை போட்டதில்லை. "உனக்கும் சேர்த்து நான் ஜெபம் பண்ணிக்கிறேன், நீ தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அத்தான் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா அழுது யாரும் பார்க்கவில்லை. "அவரை மறுபடி பாப்பேன்ல, அப்புறம் என்ன" என்பாள், ஊருக்குப் போனவரைப் பற்றிப் பேசுகிற தொனியில்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் வாத்தியார் சட்டைக் கையில் சுண்ணக்கட்டித் தூளோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, அக்கா சாப்பாட்டு மேசையில் வேதாகமத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். நாலு இடங்களில் அடையாளத்துக்குக் காலி மாத்திரை அட்டைகளைச் செருகியிருந்தாள்.

"டேய், இப்படி உட்காரு."

"சாப்பிட்டுட்டு உட்காரட்டுமா?"

"இது சாப்பாட்டுக்கு முன்னாடி."

"மாத்திரை மாதிரியா?"

அக்கா சிரிக்கவில்லை. வாத்தியார் உட்கார்ந்தார்.

இத்தனை வருஷமும் அவள் சபை கொடுத்த பாடப் புத்தகத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதில் வருஷத்துக்கு ஒரு சுவிசேஷம்தான் வரும். இந்த ஞாயிறு உயிர்த்தெழுதல் பாடம், சிலுவையில் இறந்தவர் கல்லறையிலிருந்து எழுந்த காலை. அந்தக் காலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்திருக்கிறது. நாலு பேர் எழுதிய நாலு சுவிசேஷங்களிலும் அந்த இடத்தை ஒரே மூச்சில் படித்திருக்கிறாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

"ஒருத்தர் பொழுது விடிஞ்சிருச்சுங்கறார். ஒருத்தர் இன்னும் இருட்டுங்கறார். கல்லறைக்குப் போன பொம்பளைங்க ஒருத்தியா, ரெண்டு பேரா, மூணு பேரா? தேவதூதன் ஒண்ணுங்கறார் அவர், ரெண்டுங்கறார் இவர். ஒருத்தர் கணக்குல உள்ள உட்கார்ந்திருக்கான், இன்னொருத்தர் கணக்குல வெளியே கல்லு மேல உட்கார்ந்திருக்கான்."

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அக்கா."

"எல்லாருக்குமா? அப்போ எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?"

வாத்தியார் அடுக்களைப் பக்கம் பார்த்தார். பசித்தது.

"ஒரே நோயாளிக்கு நாலு டாக்டர் நாலு விதமா சீட்டு எழுதினா நான் மருந்து குடுப்பேனா? கவுன்ட்டரைச் சாத்திட்டு வார்டுக்கு ஓடுவேன். இதுக்கு எந்த வார்டுக்கு ஓடறது?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்குக் காலையில அங்க ஒண்ணும் நடக்கலேன்னு வை. அப்போ உங்க அத்தான் அந்தக் குழியிலதான் கிடக்கறார். அவ்வளவுதான். நான் அவரைப் பாக்கப்போறதில்ல."

அக்கா வேதாகமத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பழைய காகிதத்தைப் பார்த்து எது நிசம் எது புளுகுன்னு சொல்றதுதானே உன் பிழைப்பு? நம்பலாமா கூடாதா, நீ சொல்லு. நீ சொன்னா ஏத்துக்கறேன். கூடாதுன்னா ஞாயித்துக்கிழமை வகுப்பை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சுடறேன். பொய்யை நின்னு சொல்ல என்னால ஆகாது."

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றார் வாத்தியார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர்.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் அவர் வேலையை ஆரம்பித்தார். அந்த அறையில் நாலு பேருக்கு இரண்டு மேசை. எதிரே பொருளியல்காரர் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, விடைத்தாள் கட்டுகளின் மேல் காலை நீட்டியிருந்தார். வாத்தியார் நாலு சுவிசேஷத்தையும் எதிரே வைத்துக்கொண்டு எழுத எழுத, பல நாளாகத் தெரியாத ஒரு சுகம் விரல்களில் ஏறியது. பெண்கள் பலர் புறப்பட்டார்கள்; ஒருத்தி மட்டும் முந்திப் போனாள், அப்போது இருட்டு; மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் விடிந்தது. தூதர்கள் இருவர், பேசியவர் ஒருவர், ஆகவே சிலர் ஒருவரை மட்டும் குறிப்பிட்டார்கள். முதலில் கல் மேல் உட்கார்ந்தவர் பிறகு உள்ளே போனார். ஒட்டுத் தெரியவில்லை.

"என்னய்யா இது, வேதாகமத்தையும் சிலபஸ்ல சேர்த்துட்டாங்களா?" என்று பொருளியல்காரர் எட்டிப் பார்த்தார்.

"இல்ல, தனியா ஒரு குழு."

"எந்தக் குழு?"

"எங்க அக்கா."

"ஒரே ஆள் குழுவா? மாட்டினீர். ரெண்டு பேர் இருந்தா சண்டை மூட்டிவிட்டுட்டுத் தப்பிச்சுக்கலாம்." பொருளியல்காரர் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பிரமாதம். நாலு பேருக்கும் நீரே வக்கீல், நீரே நீதிபதி."

வாத்தியார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். களைத்த மனுஷனுக்குக் கிடைத்தது லாபம்.

சாயங்காலம் அக்காவிடம் கொடுத்தார். அவள் கண்ணாடியை இறக்கி மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். வாத்தியார் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. "பாலத்தைப் பத்தி எழுதினியே, அதே மாதிரி இருக்கு."

அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"இதுல யாருமே பயப்படலையேடா. ரெண்டாவது சுவிசேஷத்துல அந்தப் பொம்பளைங்க நடுநடுங்கி ஓடறாங்க. பயத்துல யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. நீ அதை, 'எவரிடமும் நின்று பேசாமல் சீடரிடம் விரைந்தனர்'னு எழுதியிருக்கே. நாலாவதுல ரெண்டு ஆம்பளைங்க ஓடறாங்க, ஒருத்தர் இன்னொருத்தரை முந்தறார். அவங்க எங்கே?"

"அது தேவையில்லாத விவரம்னு..."

"மூச்சிரைக்க ஓடினவங்களை விட்டுட்டு மிச்சம் என்னத்தடா வச்சிருக்கே? இதைப் படிச்சா, எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போகுது."

அந்த நேரத்தில் அக்கா மகள் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். வங்கியில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் கோபத்தைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டு வருகிறவள். "இங்க என்ன பஞ்சாயத்து? என்ன மாமா, மாட்டிக்கிட்டீங்களா?"

"நடந்ததை நடந்தபடி சொல்ல என்ன கஷ்டம்னு கேட்டுட்டிருக்கேன்" என்றாள் அக்கா. "கண்ணால பார்த்தவங்களுக்கு மாறுமா? உங்கப்பா கடைசியா என்ன சொன்னார்னு என்னை எப்ப எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். 'லைட்டை அணை, கண்ணு கூசுது'ன்னார்."

மகள் ஹெல்மெட்டை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"இல்லம்மா. தண்ணி கேட்டார்."

"லைட்டுதாண்டி."

"தண்ணிம்மா. நான்தானே பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சேன்? 'தண்ணி'ன்னார். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல."

"பக்கத்துலயே இருந்தேன். எனக்குத் தெரியாதா?"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

இதை அவர்கள் இந்த எட்டு மாதத்தில் பேசிக்கொண்டதே இல்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. வாத்தியாருக்குக் கை பரபரத்தது. பிரிந்துகிடக்கிற இரண்டு துணியைக் கண்டால் தைத்துவிடத் தோன்றுகிற கை.

"முதல்ல லைட்டை அணைக்கச் சொல்லியிருப்பார்" என்றார் மெதுவாக. "அப்புறம் தண்ணி..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"நீ அங்க இல்ல" என்றாள் அக்கா.

"மாமா, ப்ளீஸ்" என்றாள் மகள்.

உண்மைதான். அத்தான் போன நேரத்தில் அவர் தேர்வு அரங்கில் மேற்பார்வையாளராக மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தார். மகள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம்கூட வரவில்லை. சத்தம் வந்திருந்தால் தேவலை.

அக்கா அவர் எழுதிய தாள்களை மடித்துத் தண்ணீர் ஜாடிக்கு அடியில் வைத்தாள். ஜாடியின் ஈரம் வட்டமாக அதில் ஊறியது.

"அது மழுப்பல்தான்க்கா" என்றார் வாத்தியார். பேசிவிட்டு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தார். "நீ கேட்டதுக்கு இது பதில் இல்ல."

"பதில்னு ஒண்ணு இருக்கா?"

"பாதி இருக்கு. சில இடங்கள்ல இவங்க ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காங்க. வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா வருது, மறைக்க முடியாது. இந்தக் காலை விஷயத்துல அவ்வளவு தூரம் ஒட்டல. நாலு பேரும் கூடிப் பேசிவச்சு இந்த இடத்தை எழுதியிருந்தா, இந்த ஓட்டையெல்லாம் அடைச்சிருப்பாங்க. நான் அடைச்ச மாதிரி. யாரும் அடைக்கல. பின்னாடி வந்து நாலையும் ஒரே புத்தகமாச் சேர்த்துக் கட்டினவங்களும் அடைக்காமத்தான் கட்டியிருக்காங்க. ஓட்டை இருக்கறதால மட்டும் பொய்னு சொல்ல முடியாது."

"அப்போ நிசமா?"

"அது தெரியாது. ஓட்டை இருக்கறதால நிசம்னும் ஆயிடாதே. அந்தக் கல்லறை ஏன் காலியாச்சுன்னு சொல்ற அளவுக்கு என் தொழிலுக்குக் கை நீளமில்ல."

"தெரியாதா? இல்ல, இல்லேன்னு சொல்ல வாய் வரலையா?"

"தெரியாதுக்கா."

அக்கா அவரையே பார்த்தாள். "நீ நம்பறியா?"

"இல்ல. ஆனா அதை வச்சு எடை போடாதே. நான் எதையும் நம்பி ரொம்ப நாளாச்சு. பாலத்தையே நம்பறதில்ல."

"உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள் அக்கா. அதில் சூடு இல்லை. வகுப்பை எடுக்கப்போகிறாளா, விடப்போகிறாளா என்று சொல்லவில்லை. சோற்றைச் சூடுபண்ண எழுந்துபோனாள்.

அடுத்த நாள் பெரிய அரங்கில் பாலத்து அத்தியாயம். வாத்தியார் அந்த வரியைப் படித்தார். வருஷா வருஷம் படித்துப் படித்து நாக்கே வழி கண்டுபிடித்துப் போகும் வரி. அன்றைக்கு நாக்கு இடறியது. புத்தகத்தை மூடிவிட்டு, மூன்று சாட்சிகள் சொன்னதையும் சொன்னார். கப்பல் மருத்துவர் கல்லையும் பார்க்கவில்லை, துப்பாக்கியையும் பார்க்கவில்லை. ஆற்றில் தனித்தனியாக மிதந்துவந்த செருப்புகளைப் பார்த்தார் என்பதையும் சொன்னார்.

"எது முதல்ல நடந்ததுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

ஒலிபெருக்கி அதிசயமாக இன்னும் உயிரோடு இருந்தது. 'தெரியாது' கடைசி வரிசைவரை போயிற்று. தூங்கிக்கொண்டிருந்த சிலர் தலையைத் தூக்கினார்கள். வாத்தியாருக்குள் எங்கோ ஏதோ லேசாக எழும்பி நின்றது.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், பரீட்சைக்கு எதை எழுதணும்?"

எழும்பி நின்றது உட்கார்ந்துகொண்டது.

"புத்தகத்துல இருக்கறதை எழுதும்மா" என்றார் வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வெளியே போகிற புடவையில் அவர் அறை வாசலில் நின்றாள். கையில் வேதாகமம், அதில் மாத்திரை அட்டைகள். "வண்டியை எடு."

"வகுப்பு எடுக்கப்போறியா?"

"வகுப்பைக் குடுக்கப்போறேனா எடுக்கப்போறேனான்னு அங்க போய்த்தான் தெரியும். வண்டியை எடு."

சபைக் கட்டடத்துக்குப் பின்னால் சின்ன அறை. குட்டை நாற்காலிகள். வாத்தியார் கடைசியில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார். போதகர் ஒருமுறை எட்டிப் பார்த்து, காணாமல்போன ஆட்டைக் கண்ட முகத்தோடு புன்னகைத்துவிட்டுப் போனார். அக்கா வெகுநேரம் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நாலு பிள்ளைகளை எழுப்பி, ஆளுக்கொரு சுவிசேஷமாக நாலு இடங்களையும் அப்படியே உரக்கப் படிக்கச் சொன்னாள். பிள்ளைகள் திக்கித் திக்கிப் படித்தார்கள். நாலாவது பையன் ஓட்டப் பந்தய இடம் வந்ததும் குரலை வேகப்படுத்தினான்.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், தூதர் ஒருத்தரா, ரெண்டு பேரா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "நான் அங்க இல்ல."

"அப்போ இதுல எது சரி?"

"போனவங்க பயந்துட்டாங்க. பயந்தவங்களுக்கு எண்ணத் தோணாது. ஆனா போனாங்க, கல்லறை காலியா இருந்துச்சு. அதுல நாலு பேரும் மாறல." அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "நான் அதை நம்பறேன். நேத்து வரைக்கும் தெரியும்னு சொல்லிட்டிருந்தேன். இன்னிக்கு நம்பறேன்னு சொல்றேன். அடுத்த வாரமும் வாங்க."

திரும்பும்போது அக்கா பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் அவர் தோளைப் பிடித்திருந்தாள். சாலை காலியாக இருந்தது. கடைகள் இன்னும் கதவு திறக்கவில்லை. சிக்னலில் நின்றபோது அவள் பேசினாள், அவரிடம் என்றில்லாமல், முன்னால் நின்ற வண்டியின் விளக்கைப் பார்த்தபடி.

"அவர் தண்ணி கேட்டிருக்கலாம்டா."

"ம்?"

"அந்த ஆஸ்பத்திரி ரூமுக்கு லைட்டு சுவிட்ச் வெளியே, நடையில இருந்துச்சு. கண்ணு கூசுதுன்னார். நான் அணைக்கப் போனேன். எந்த சுவிட்ச்னு தெரியல, ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்தேன். திரும்பி வந்தப்ப அவ பஞ்சைக் கையில வச்சுட்டு நின்னா." தோளில் இருந்த கை இறுகியது. "அந்த நேரம் நான் அங்க இல்ல."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வாத்தியார் வண்டியை நகர்த்தினார்.

"நீ சொன்ன மாதிரிதான் நடந்திருக்கு" என்றாள் அக்கா. "ஆனா நீ சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனாள். மகள் ஈரத் தலையோடு கூடத்தில் நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது. அக்கா அவள் எதிரே போய் நின்றாள். வாத்தியார் வெளியிலேயே நின்றுகொண்டார். வண்டிப் பெட்டியிலிருந்து துணியை எடுத்து, அழுக்கே இல்லாத வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளே முதலில் ஒரு குரல், அப்புறம் இன்னொரு குரல், அப்புறம் இரண்டும் சேர்ந்து. என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய்க் கேட்கவும் இல்லை. வண்டியின் அந்தப் பக்கத்துக்குப் போய், அதையும் துடைத்தார்.